எண்ணெய் படாத கை

அந்தப் படகைப் பற்றி யாராவது பெருமையாகப் பேசினால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. 'தங்கவயலில் அந்தக் காலத்திலேயே தொரைமார்கள் ஏரியில் படகு விட்டார்களாமே' என்று வாயைப் பிளக்கிறார்கள். விட்டார்கள், யார் இல்லை என்றது? அந்தப் படகை விடுவதற்கு முன் அதன் வயிற்றையும் முதுகையும் மூன்று வாரம் சுரண்டித் தேய்த்தவள் யார் என்று ஒருத்தராவது கேட்டார்களா? தேய்த்தவள் என் அத்தை. கூட இருந்தவள் நான். எனக்கு அப்போது பத்து வயது இருக்கும்.

சுரங்கத்துக்குக் கரண்டு வருவதற்கு முந்தைய வருஷம் அது. நாங்கள் லைன் வீட்டில் இருந்தோம். லைன் வீடு என்றால் வரிசையாக நிற்கும் மூங்கில் தட்டி வீடுகள். ஒரு வீட்டில் தும்மினால் நாலாவது வீட்டில் 'நூறாயிசு' என்பார்கள். எங்கள் வடாற்காட்டுப் பக்கத்தில் அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனாவுக்கு ஷாஃப்டில், அதாவது சுரங்கக் குழிக்குள், வேலை. அவருடைய தங்கைதான் அத்தை. அத்தை புருஷனும் அதே ஷாஃப்டில்தான் இருந்தார். ஒருநாள் கீழே பாறை சரிந்தது. மற்றவர்கள் கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் ஏறி வந்தார்கள், அவரைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அவர் போன பிறகு கம்பெனி கொடுத்த வீடும் போயிற்று. அத்தை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்தாள்.

வந்தவளை அப்படியே இருக்க விட்டார்களா? குடியாத்தம் பக்கத்திலிருந்து அவள் மாமியார் வீட்டார் சொல்லியனுப்பிக்கொண்டே இருந்தார்கள். வருஷத் திதி முடிந்ததும் வந்து கூட்டிப்போவார்களாம். எதற்கு? பாசத்திலா? களை எடுக்கவும் மாட்டுக்குத் தண்ணீர் காட்டவும் ஒரு ஆள் குறைகிறது, அதற்குத்தான். அந்த வீட்டில் அவள் கல்யாணமான புதிதில் இரண்டு வருஷம் இருந்தவள். அந்த இரண்டு வருஷத்தைப் பற்றி அவள் வாயே திறக்க மாட்டாள். முழங்கைக்கு மேலே இருந்த சூட்டுத் தழும்பு மட்டும் பேசும். 'அங்க போறதுக்கு நானும் ஷாஃப்டுல எறங்கிப் பூடலாம்' என்று ஒருநாள் அம்மாவிடம் சொன்னாள். அம்மா அவள் வாயைப் பொத்தினாள். அம்மாவும் அத்தையும் நாத்தனார் அண்ணி மாதிரி இல்லை. ஒரே தட்டில் களி தின்கிறவர்கள்.

இப்படி இருக்கும்போதுதான் படகு வந்தது. மதராஸிலிருந்து கூட்ஸ் வண்டியில் கோரமண்டல் ஸ்டேஷனுக்கு வந்து, அங்கிருந்து இரட்டை மாட்டு வண்டியில் ஒர்க்‌ஷாப்புக்குப் பின்னால் இருந்த கொட்டாய்க்கு வந்தது. பேத்தமங்கலம் ஏரியில் ஞாயிற்றுக்கிழமைகளில் தொரைமார்கள் துடுப்புப் போடுவதற்காம். யாரோ கடலில் ஓட்டித் தேய்ந்த பழம்படகு. அடியில் தார் பாளம் பாளமாக இருந்தது. தாருக்கு மேலே வெள்ளை வெள்ளையாகக் கல்லு மாதிரிச் சிப்பிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் கடலையே பார்த்ததில்லை. கடல் எங்கள் கொட்டாய்க்கு வந்து கவிழ்ந்து படுத்திருந்தது.

என் மாமா, அம்மாவின் தம்பி, மதராஸ் துறைமுகத்தில் நாலு வருஷம் படகுகளுக்குப் பெயின்ட் அடித்தவர். தங்கவயலில் அவருக்கு அதுவரை அந்த வித்தையால் காலணாப் பிரயோசனம் இல்லை. படகைக் கண்டதும் ஆளே மாறிவிட்டார். ஒர்க்‌ஷாப் தொரையிடம் போய் அரைகுறை இங்கிலீஷில் என்ன அளந்தாரோ, வேலை அவர் கைக்கு வந்தது. வந்த பிறகுதான் தெரிந்தது, மாமாவுக்குப் பிரஷ் பிடிக்கத்தான் பிடிக்கும், சுரண்டப் பிடிக்காது. பெயின்ட் என்பது கடைசி ரெண்டு நாள் வேலை. அதற்கு முன்னால் பழைய தாரையும் சிப்பியையும் சுரண்டி எடுக்க வேண்டும், உப்புப் போக நல்ல தண்ணீரில் ஏழெட்டுத் தடவை கழுவ வேண்டும், நிழலில் காயப் போட வேண்டும், பலகை இடுக்கில் பஞ்சு திணித்து மக்கு வைத்து அடைக்க வேண்டும், கடைசியில் உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டும். இதற்கெல்லாம் ஆள் வேண்டாமா? லைனில் நாலு பெண்களைக் கூப்பிட்டார். நாலு பேரையும் மறுநாளே துரத்திவிட்டார்.

துரத்தியதற்குக் காரணம் எண்ணெய்தான். மரத்தில் எண்ணெய் பட்டால் பெயின்ட் ஒட்டாது. அந்தப் பெண்கள் தலையில் எண்ணெய் வழிய, முகத்தில் மஞ்சள் பூச, கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து படகைத் தொட்டார்கள். பெயின்டிலேயே எண்ணெய் ஊற்றுகிறாயே, அது மட்டும் என்ன ஒசத்தி என்று அம்மா கேட்டாள். அது ஆளிவிதை எண்ணெய், காய்ந்து தோலாகிவிடும், உங்கள் விளக்கெண்ணெயும் நல்லெண்ணெயும் ஜென்மத்துக்கும் காயாது என்றார் மாமா. சுற்றுமுற்றும் பார்த்தார். வீட்டில் எண்ணெய் தொடாத கை ஒன்று இருந்தது. புருஷன் போன வருஷம் முழுக்க அத்தைக்கு எண்ணெய் இல்லை, மஞ்சள் இல்லை, பூ இல்லை. 'நீ வா. ஒன் கைதான் காஞ்ச கை' என்றார். அந்த வார்த்தையை அப்படி முகத்துக்கு நேரே சொல்லலாமா? அம்மாவுக்கு முகம் சுண்டிப்போயிற்று. அத்தை மட்டும் எழுந்து முந்தானையைச் செருகிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

நானும் வருவேன் என்று அழுது புரண்டேன். அதற்காக மூன்று வாரம் எண்ணெய் இல்லாமல் சீயக்காய் மட்டும் தேய்த்துக் குளித்தேன். என் தலை தேங்காய் மட்டை மாதிரி ஆயிற்று. லைன் பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். போங்கடி என்று விட்டேன்.

அத்தைக்கு அந்த வேலை எப்படி வந்தது என்று எனக்குப் புரியவில்லை. முதல் ரெண்டு நாள் விரல் முட்டியெல்லாம் ரத்தம். மூன்றாம் நாள் பலகையின் ரேகை போகிற பக்கமாகவே சுரண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டாள். கழுவிக் காய்ந்த பிறகு கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் தடவுவாள். எங்கே சொரசொரப்பு இருக்கிறதோ அங்கே கை நிற்கும். அப்புறம் தண்ணீர் தெளித்துப் பார்க்கிற வேலை. அது என் வேலை. விரலை நனைத்துப் பலகைமேல் தெளிப்பேன். தண்ணீர் பரவி நனைத்தால் மரம் சுத்தம். சேப்பங்கிழங்கு இலையில் நிற்கிற மாதிரி உருண்டு உருண்டு நின்றால் அங்கே எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது. உருண்டு நிற்கிற இடத்தைச் சோடா உப்புப் போட்டுக் கழுவி, மறுபடி காயவிட்டு, மறுபடி தேய்ப்பாள். எத்தனை தரம் கழுவினாலும் சலிக்க மாட்டாள்.

ஒருநாள் ஒர்க்‌ஷாப் தொரை வந்தார். தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு, படகின் மூக்கிலிருந்து வால் வரை கையை ஓட்டிக்கொண்டே நடந்தார். யார் வேலை இது என்று கேட்டார். 'என் வேலை' என்று சொல்ல மாமா வாயைத் திறந்தார். தொரை அவர் கையைப் பார்த்தார், அத்தை கையைப் பார்த்தார், அதற்கு மேல் கேட்கத் தேவையிருக்கவில்லை. ஏதோ சொன்னார். மாமா வேண்டாவெறுப்பாக அதைத் தமிழில் எங்களுக்குச் சொன்னார்.

"படகு நல்லா வந்துச்சின்னா ஒன்னை ஒர்க்‌ஷாப் பெயின்ட் கொட்டாய்ல சேத்துக்கறாராம். கதவு, தள்ளுவண்டி, கைகாட்டிக் கம்பம் எல்லாத்தையும் தேய்க்கறதுக்கு. வூடும் குடுப்பாங்களாம்."

அன்றைக்கு வீடு வரும்போது அத்தை நடக்கவில்லை, ஓடினாள். சொந்த வேலை, சொந்த வீடு! குடியாத்தத்திலிருந்து யார் வந்து என்ன செய்ய முடியும்? அம்மா அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள். நான் நடுவில் புகுந்துகொண்டேன். வருஷத் திதிக்கு இன்னும் ஒரு மாதம் இருந்தது, படகுக்கு ரெண்டு வாரம் போதும்.

வயிற்றெரிச்சல் இனிமேல்தான். வெள்ளிக்கிழமை காலை முதல் பூச்சு. ஈயச் செந்தூரத்தை எண்ணெயில் குழைத்து அடிப்பது, பார்த்தால் குங்குமம் மாதிரி இருக்கும். முந்தின நாள் சாயங்காலம் ஒர்க்‌ஷாப் மேஸ்திரி கொட்டாய்க்கு வந்தார். தொப்பையும் தலைப்பாகையுமாக வாசலில் நின்று, 'நாளைக்கி நல்ல காரியம் ஆரம்பிக்கறோம், தாலி அறுத்தவ இங்க நிக்கக்கூடாது' என்றார். அடப்பாவி! மூன்று வாரம் அவள் ரத்தம் சிந்தித் தேய்க்கும்போது அது நல்ல காரியம் இல்லையா? சுரண்டுவதற்கு ஆகிற கை, பூசுகிற அன்றைக்கு ஆகாமல் போய்விட்டதா? மாமாவாவது ஒரு வார்த்தை பேசினாரா? தலையை ஆட்டினார். அத்தை போகும்போது மாமாவிடம் ஒன்றே ஒன்று சொன்னாள்.

"அடிக்கறதுக்கு முந்தி ஒருதரம் தண்ணி தெளிச்சிப் பாருங்க. மறந்துடாதீங்க."

நான் அங்கேயே மேஸ்திரியைப் பார்த்துப் பழிப்புக் காட்டினேன். அதற்காக நைனா காதைத் திருகினார்.

வெள்ளிக்கிழமை விடியும்போது அம்மா தண்ணீருக்குப் போய்விட்டு நேரம் கழித்துத்தான் வந்தாள். குழாய்க்குப் போகிற வழி கொட்டாயை ஒட்டித்தான். அவள் மேலே விளக்கெண்ணெய் வாசனை வந்தது. வெள்ளிக்கிழமை ஆயிற்றே, விளக்குக்கு ஊற்றியிருப்பாள் என்று நினைத்தேன். அதற்குமேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை. அத்தையும் நானும் வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தோம். அத்தை பொறுக்கிய அரிசியையே மறுபடியும் பொறுக்கினாள்.

செந்தூரம் காய்ந்தது, அதன்மேல் பச்சை ரெண்டு பூச்சு அடித்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கு அடுத்த ஞாயிறு படகு ஏரிக்குப் போயிற்று. பாதி லைன் ஏரிக்கரையில் நின்றது. பேண்டு வாசித்தார்கள், தேங்காய் உடைத்தார்கள். மேஸ்திரி மாலையும் கழுத்துமாக, தானே பெற்றெடுத்த மாதிரி நின்றார். படகு பச்சைக்கிளி மாதிரித் தண்ணீரில் இறங்கியது. அத்தையைக் கூட்டத்துக்கு வெளியே ஒரு புளியமரத்தடியில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். அங்கிருந்தே எட்டி எட்டிப் பார்த்தாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு குதித்தேன்.

தொரையும் தொரைசானியும் ஒரு மணி நேரம் சுற்றிவிட்டுக் கரைக்கு வந்தார்கள். தொரைசானி இறங்கும்போது படகின் மூக்கைப் பிடித்தாள். அவள் வெள்ளைக் கையுறையோடு பச்சைத் தோல் ஒன்று உரிந்து வந்தது. பச்சைக்கு அடியில் செந்தூரம், அதற்கும் அடியில் வெறும் மரம். பேண்டு நின்றுவிட்டது. எல்லோரும் கிட்டே போய்ப் பார்த்தார்கள். உரிந்த இடம் ஒரு கை மாதிரி இருந்தது. உள்ளங்கை, அதிலிருந்து விரல்கள்.

மேஸ்திரி சத்தம் போட்டுச் சொன்னார், தாலி அறுத்தவ கை பட்டது காட்டிக் கொடுத்துவிட்டது பார் என்று. கூட்டம் முழுக்க ஆமாம் ஆமாம் என்றது. மாமா தொரையிடம் வேறு கதை சொன்னார். அந்தப் பொம்பளை சரியாகச் சுத்தம் பண்ணவில்லை, அவள் மேல்தான் தப்பு என்று. தண்ணீர் தெளித்துப் பார்க்க மறந்த மனுஷன்! அம்மா முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு நின்றாள்.

அத்தை கையை உதறிவிட்டு ஓடினேன். கூட்டத்தின் கால்களுக்குள் புகுந்து, ஏரித் தண்ணீரைக் கையில் அள்ளி அந்த இடத்தில் வீசினேன். மற்ற இடத்தில் எப்படியோ, அந்த மரத்தில் தண்ணீர் உருண்டு உருண்டு நின்றது.

"எண்ணெ! யாரோ எண்ணெக் கைய வெச்சிகீறாங்க! எங்க அத்த இல்ல! அத்த கையில ஏது எண்ணெ?"

மாமா தண்ணீர் உருண்டதைப் பார்த்துவிட்டார். யார் கை என்று பார்க்கக் குனிந்தார். அதற்குள் அத்தை வந்துவிட்டாள். கூட்டத்துக்குள் வரக்கூடாதவள், எல்லோரையும் தள்ளிக்கொண்டு வந்து, என் கன்னத்தில் விட்டாள் ஒரு அறை. அதுவரை என்னை ஒரு கிள்ளுக்கூடக் கிள்ளாதவள். அப்புறம் தன் வலது கையை எடுத்து, உரிந்த அந்த அடையாளத்தின்மேல் அழுத்தி வைத்துக்கொண்டாள்.

"என் கைதான். எண்ணெக் கையோட தொட்டுட்டேன். தொர மன்னிக்கணும்" என்றாள்.

ஒருத்தர் கேட்டார்களா? பதினோரு மாதமாகத் தலைக்கு ஒரு சொட்டு எண்ணெய் வைக்காதவளுக்கு எண்ணெய்க் கை எங்கிருந்து வந்தது என்று அந்தக் கரையில் நின்ற அத்தனை பேரில் ஒருத்தர் கேட்டார்களா? அவள் தலை செம்பட்டை பாய்ந்து எல்லோர் கண்முன்னாலும்தான் பறந்துகொண்டிருந்தது. தொரை தோளைக் குலுக்கினார். வேலை இல்லை என்பதை மாமா தமிழில் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நான் தரையில் உட்கார்ந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவள் கையையே பார்த்தேன். அது அந்த அடையாளத்தில் சரியாகப் பொருந்தவில்லை. அவளுடைய சுண்டுவிரல் மட்டும் அடையாளத்தைத் தாண்டிப் பாதி நல்ல பெயின்டின்மேல் இருந்தது. கோணலாக வைத்துவிட்டாள் போல என்று நினைத்தேன்.

வருஷத் திதி முடிந்த மூன்றாம் நாள் அவள் கொழுந்தன் வந்தான். கோரமண்டல் ஸ்டேஷனுக்கு எல்லோரும் போனோம். அம்மா வழியெல்லாம் அழுதாள். நான் அழவில்லை. எனக்கு அத்தைமேல் அப்படி ஒரு கோபம். உண்மையைச் சொன்ன என்னை நாலு பேர் முன்னால் அடித்தாளே. செய்யாத தப்பை ஒப்புக்கொண்டு, கிடைத்த வேலையை விட்டுவிட்டு, சூடு வைத்த வீட்டுக்கே போகிறாளே, கோழை என்று மனதுக்குள் திட்டினேன்.

எட்டு வருஷம் அந்தக் கோபத்தை ஆறவிடாமல் வைத்திருந்தேன். என் கல்யாணத்தன்று காலையில், எங்கள் வழக்கப்படி அம்மா மஞ்சளை எண்ணெயில் குழைத்து வாசல் சுவரில் கை பதித்தாள். நல்ல காரியத்துக்குச் சுமங்கலி வலது கையைப் பதிக்க வேண்டும். நான் மணையிலிருந்து பார்த்தேன். நாலு விரல் முழுதாக, சுண்டுவிரல் பாதியில். அம்மாவுக்குச் சின்ன வயதில் கதிர் அறுக்கும்போது அரிவாள் பட்டு வலது சுண்டுவிரல் பாதி போய்விட்டது. பிறந்ததிலிருந்து அந்தக் கையால் சோறு தின்றவள் நான். அந்த விரலை ஒரு விரலாகவே நான் கவனித்ததில்லை.

அம்மா திரும்பினாள். நான் சுவரையே பார்த்துக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். கிட்டே வந்து, மாலையைச் சரிசெய்கிற மாதிரி குனிந்தாள்.

"அவுளுக்கு நல்லது நடக்கணும்னுதான்டி வெச்சேன். ஒரு சுமங்கலி கையும் படாம ஆரம்பிக்கறாங்களேன்னு பயந்துட்டேன். மஞ்சள் தெரியாம தொடச்சிட்டுதான் வந்தேன்."

"அன்னிக்கி ஏரிக்கரையில வாய் இல்லியா ஒனக்கு?" என்றேன். கல்யாணப் பெண் கேட்கிற கேள்வியா அது! கேட்டேன்.

"சொல்லியிருந்தா ஒங்க நைனா என்னை உசுரோட வுட்டிருப்பாரா? ஒங்க மாமன்தான் வுட்டிருப்பானா? அவுளுக்குத் தெரியும்டி. பாத்ததுமே தெரிஞ்சிகினா" என்றாள். அதற்குள் மேளம் கொட்டிவிட்டார்கள்.

அத்தை என் கல்யாணத்துக்கு வரவில்லை. விட மாட்டோம் என்று சொல்லிவிட்டார்களாம். அடுத்த மழைக்காலத்தில் காய்ச்சலில் போய்விட்டாள் என்று செய்தி வந்தது. மேஸ்திரி, மாமா, தொரை, கூட்டத்தில் ஆமாம் போட்ட அத்தனை பேர் மேலும் எனக்கு இன்னும் கோபம் உண்டு. அம்மா மேலும் உண்டு, அவள் செத்த பிறகும் உண்டு. நல்லது நினைத்தாள், சரி. ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

ஆனால் தூக்கம் வராமல் செய்வது அந்தக் கோபங்கள் இல்லை, கோரமண்டல் ஸ்டேஷன்தான். வண்டி ஊதிவிட்டது. அத்தை ஜன்னல் வழியாகக் கையை நீட்டி என் தலையைத் தடவ வந்தாள். அப்போது நான் மறுபடி எண்ணெய் வைக்க ஆரம்பித்திருந்தேன். படிய வாரிப் பின்னியிருந்தேன். நான் தலையை வெடுக்கென்று இழுத்துக்கொண்டேன். அவள் கை ஜன்னலுக்கு வெளியே அப்படியே நின்றது. வண்டி நகர்ந்தது, அப்போதும் அவள் கையை உள்ளே இழுக்கவில்லை. நான் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றேன். அடிபட்டவள் நான் ஒருத்திதான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.